காலமறிந்து உண்ணல்

ஓர் ஊர், பல விரதங்கள்

கேரளத்தின் கொச்சித் துறைமுகத்தை ஒட்டியுள்ள மட்டாஞ்சேரி, சிறிய நிலப்பரப்பில் பல சமயத்தவரும் பல மொழியினரும் தலைமுறை தலைமுறையாகக் கூடி வாழ்ந்துவரும் ஊர். மிளகும் ஏலமும் சுக்கும் அவர்களில் பலரை அங்கே கொணர்ந்தன. கொங்கணி பேசும் கௌட சாரஸ்வதர், குஜராத்திலிருந்து வந்த வைணவர், சமணர், கட்ச் பகுதியிலிருந்து வந்த முஸ்லிம்கள், தமிழகத்திலிருந்து சென்று குடியேறியோர் எனப் பலரும் அங்கு உள்ளனர். யூதக் குடும்பங்களில் பெரும்பாலானவை இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்ட போதிலும், 1568-இல் எழுப்பப்பட்ட அவர்களது ஜெபாலயமும் 1760-இல் அதனருகே கட்டப்பட்ட மணிக்கூண்டும் இன்றும் நிலைத்து நிற்கின்றன.

அவ்வூரின் குஜராத்தி வீதியில், பதினைந்தாம் தீர்த்தங்கரரான தர்மநாதருக்கு 1904-இல் அமைக்கப்பட்ட சமணக் கோயில் உள்ளது. அங்கு நாள்தோறும் நண்பகல் வேளையில் மணியொலித்துப் புறாக்களுக்குத் தானியம் இடுவது வழக்கம். அந்த வேளையில் கோயிலின் கூரைகளிலும் முற்றத்திலும் புறாக்கூட்டம் வந்து நிறைந்துவிடும். எவரும் அப்பறவைகளுக்கு மணி பார்க்கக் கற்பித்ததில்லை.

புறாக்களுக்கு உணவிடும் அச்சமூகத்தினர் தம் உணவுக்கும் ஒரு வேளை வகுத்துள்ளனர். விரதம் பூண்ட சமணர்கள் சூரியன் மறைந்த பின் உண்பதில்லை. உணவு, பானம், சிற்றுண்டி, வாய்மணம் ஆகிய நால்வகையையும் இரவில் துறப்பதைக் குஜராத்தியர் 'சௌவிஹார்' என்பர். காலையிலும் சூரியோதயம் ஆகி இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடங்கள், கடந்த பின்னரே வாயில் எதையும் இடுவது 'நவகாரசி' எனப்படும். வந்தவாசி, திருவண்ணாமலைப் பகுதிகளில் வாழும் தமிழ்ச் சமணரிடையேயும் இரவு உண்ணாமை தொன்றுதொட்டு வரும் நெறியே.

அதே மட்டாஞ்சேரியில் ரமலான் மாதம் முழுவதும் முஸ்லிம்கள் வைகறை முதல் சூரிய அஸ்தமனம் வரை நீரும் அருந்தாது நோன்பிருக்கின்றனர். சாரஸ்வதரும் ஏனைய வைணவரும் ஏகாதசியன்று உபவாசம் இருக்கின்றனர். யூதர்களின் பெருநோன்பு ஓர் அஸ்தமனத்தில் தொடங்கி மறுநாள் இருள் சூழ்ந்த பின் முடிகிறது. இவற்றின் விதிகள் வேறு, நோக்கங்களும் வேறு. ஆயினும் ஒரு கருத்து அனைத்திற்கும் பொதுவாக உள்ளது. எதை உண்பது என்பதைப் போலவே எப்போது உண்பது என்பதும் நெறிக்கு உட்பட்டது. அந்த வேளையை வானத்து ஒளிகளைக் கொண்டே வகுத்தனர் என்பதே அக்கருத்து.

இன்று பெரும்பாலான இல்லங்களில் இந்நெறி தளர்ந்துவிட்டது. காலையில் அவசரமாக ஏதோ சிறிது, நண்பகலில் கிடைத்தது, இரவு ஒன்பதரை அல்லது பத்து மணிக்குத் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து வயிறார உணவு, உடனே உறக்கம் என்பது வாடிக்கையாகியுள்ளது. இதனால் உடலில் நிகழ்வது என்ன என்பதை அண்மைக்கால அறிவியல் ஓரளவு தெளிவாக்கியுள்ளது. அதை அறிவதும், அறிந்ததை அளவோடு வாழ்வில் ஏற்பதும் இல்லறத்தாருக்கும் சாதகருக்கும் பயன் தரும்.

உடலுக்குள் ஓடும் காலம்

1729-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் தெ மைரான், தொட்டாற்சுருங்கிச் செடியொன்றை வெளிச்சம் புகாத இடத்தில் வைத்துப் பார்த்தார். சூரியனைக் காணாத நிலையிலும் அதன் இலைகள் பகல்வேளையில் விரிந்து இரவு வேளையில் கூம்பின. காலத்தை அறியும் ஏற்பாடு செடிக்குள்ளேயே உண்டு என்பதற்கு அது முதற் சான்றாக அமைந்தது.

சுவிட்சர்லாந்தின் மருத்துவ அறிஞர் ஆகஸ்ட் ஃபோரல், தம் குடும்பத்தினர் திறந்தவெளியில் காலை உணவு உண்ணும்போது பழப்பாகைத் தேடித் தேனீக்கள் வருவதைக் கவனித்தார். பழப்பாகு வைக்கப்படாத நாட்களிலும் அதே வேளையில் அவை தவறாது வந்தன. பின்னர் 1929-இல் இங்கெபோர்க் பேலிங் என்ற ஜெர்மானியப் பெண் ஆராய்ச்சியாளர், தேனீக்களைக் குறித்த நேரத்துக்கு உணவு தேடி வரப் பழக்கமுடியும் என்பதைச் சோதனையால் நிலைநாட்டினார். உணவு கிடைக்கும் வேளையை உயிர்கள் நினைவில் கொள்கின்றன. அவ்வேளைக்கு முன்னதாகவே உடல் தன்னைச் செரிமானத்திற்கு ஆயத்தம் செய்துகொள்கிறது. மட்டாஞ்சேரிப் புறாக்களின் கூட்டத்திலும் இந்த இயல்பைக் காணலாம்.

இத்துறையை இந்தியாவில் வேரூன்றச் செய்தவர்களுள் முதன்மையானவர், மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கிய எம்.கே. சந்திரசேகரன் (1937-2009). அவரும் அவருடைய மாணவர்களும் கடிகாரமோ பகலொளியோ வெளியுலக ஓசையோ எட்டாத தனியறையில் தன்னார்வலர்களைப் பல நாட்கள் தங்கவைத்து, அவர்களின் உறக்கமும் விழிப்பும் எவ்வாறு அமைகின்றன என்று ஆராய்ந்தனர். வெளியுலகக் குறிப்பு ஏதுமின்றியும் ஏறத்தாழ ஒரு நாள் அளவான சுழற்சி மனித உடலில் தானே தொடர்கிறது. ஆனால் அது சரியாக 24 மணி நேரமாக நிற்பதில்லை, நாளடைவில் வெளியுலக நாளிலிருந்து விலகிச் செல்கிறது. நாள்தோறும் அதைத் திருத்தி நிறுத்துவது சூரிய ஒளி.

அதே குழுவினர் மதுரைப் பகுதியின் குகைகளில் வாழும் வௌவால்களையும் ஆராய்ந்தனர். 1981-இல் வெளியான அவர்களது ஆய்வு வியப்பூட்டுவது. ஒளி புகாத குகைக்குள் கூண்டில் வைக்கப்பட்ட வௌவாலும், தன் கூட்டத்தார் மாலையில் வெளியே பறந்து செல்லும் வேளைக்கு ஒத்தே இயங்கியது. கூட்டம் இல்லாத இருளில் தனித்து வைக்கப்பட்ட வௌவாலின் நேரமோ நாளுக்கு நாள் விலகிப்போயிற்று. ஒளியைப் போலவே உடன் வாழ்வோரின் ஒழுங்கும் ஓர் உயிருக்குக் காலத்தை உணர்த்துகிறது. ஆசிரமத்தின் உணவு மணியும், குடும்பத்தார் கூடி உண்ணும் வேளையும் எத்துணை ஆழமான தேவையை நிறைவு செய்கின்றன என்பதை இதனோடு ஒப்பிட்டு எண்ணிப் பார்க்கலாம்.

தலைமைக் கடிகாரமும் கிளைக் கடிகாரங்களும்

மனித மூளையில், இரு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்திற்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்களைக் கொண்ட ஒரு சிறு தொகுதி உள்ளது. அதுவே உடலின் தலைமைக் கடிகாரம். கண்ணின் வழியே வரும் ஒளியைக் கொண்டு அது நாள்தோறும் தன்னைத் திருத்திக்கொள்கிறது. உறக்கம், விழிப்பு, உடல் வெப்பம், பல சுரப்பிகளின் செயல் ஆகியவை அதன் ஆணைக்கு உட்பட்டவை. ஓர் உயிரணுவுக்குள் மரபணுக்களும் புரதங்களும் ஒன்றையொன்று தூண்டியும் அடக்கியும் இந்த ஒருநாட் சுழற்சியை எவ்வாறு உண்டாக்குகின்றன என்பதைப் பழ ஈயில் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மூளையில் மட்டுமன்றி, கல்லீரல், கணையம், குடல், தசை, கொழுப்புத் திசு என உடலின் பெரும்பாலான உறுப்புகளிலும் இத்தகைய கடிகாரங்கள் உள்ளன. 2000-ஆம் ஆண்டில் ஜெனீவாவில் உவேலி ஷிப்ளர் என்பவரின் ஆய்வகத்தார் சுண்டெலிகளுக்கு, அவை உறங்கும் பகல்வேளையில் மட்டுமே உணவு கொடுத்து வந்தனர். சில நாட்களில் அவற்றின் கல்லீரல் கடிகாரம் உணவு வேளைக்கு ஏற்ப மாறிவிட்டது. மூளையின் தலைமைக் கடிகாரமோ ஒளியைப் பின்பற்றிப் பழைய நேரத்திலேயே நின்றது.

இதன் பொருள் ஆழ்ந்து கருதத்தக்கது. தலைமைக் கடிகாரத்திற்கு நேரம் சொல்வது ஒளி. செரிமான உறுப்புகளின் கடிகாரங்களுக்கு நேரம் சொல்வது உணவு. இரண்டும் ஒத்துச் செல்லும்போது உடல் ஒரே நாளில் வாழ்கிறது. நள்ளிரவில் உண்பவரின் மூளை 'இரவு' என்கிறது, கல்லீரலோ 'பகல்' என்று எண்ணுகிறது. மட்டாஞ்சேரி யூதர் மணிக்கூண்டின் முகப்புகளில் எண்கள் வெவ்வேறு எழுத்துகளில் பொறிக்கப்பட்டுள்ளன. எழுத்து வேறாயினும் அவை காட்டவேண்டிய நேரம் ஒன்றே. அம்முகப்புகள் ஆளுக்கொரு நேரம் காட்டினால் எத்தகைய குழப்பம் விளையுமோ, அத்தகைய குழப்பமே காலந்தவறி உண்பவரின் உடலிலும் விளைகிறது.

காலையில் ஏற்பது, இரவில் மறுப்பது

உண்ட மாவுப்பொருள் சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கிறது. கணையம் சுரக்கும் இன்சுலின் அதைத் தசைகளுக்கும் கல்லீரலுக்கும் சேர்க்கிறது. இந்த வேலையைப் பெரும்பாலோரின் உடல் முற்பகலில் திறமையாகச் செய்கிறது. இரவு நெருங்க நெருங்க அத்திறன் குறைகிறது. இருள் சூழ்ந்ததும் மூளையில் சுரக்கும் மெலட்டோனின் என்னும் இயக்குநீர், உறக்கத்திற்கு உடலை ஆயத்தம் செய்வதுடன் கணையத்தின் இன்சுலின் சுரப்பையும் தணிக்கிறது. இரவு உண்ணாதிருக்க வேண்டிய வேளை என்பதால் இது இயற்கையான ஏற்பாடே. அந்நேரத்தில் வயிறு நிறைய உண்டால், உறங்கச் செல்லும் உறுப்பை எழுப்பி வேலை வாங்குவதாகிறது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமானவர்களுக்கு ஒரே உணவைக் காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் கொடுத்துப் பார்த்தனர். உணவுக்குப் பின் இரத்தச் சர்க்கரை, காலையைவிட இரவில் 17 விழுக்காடு மிகுதியாக இருந்தது. உணவு மாறவில்லை, அளவு மாறவில்லை, வேளை மட்டுமே மாறியது.

2018-இல் அங்கு வெளியான மற்றோர் ஆய்வில், நீரிழிவின் முன்னிலையில் இருந்த எட்டு ஆடவர்கள் ஐந்து வாரங்கள் ஒரு நாளின் உணவு முழுவதையும் காலையில் தொடங்கி ஆறு மணி நேரத்திற்குள், பிற்பகல் மூன்று மணிக்கு முன்பாக முடித்துக்கொண்டனர். அவர்களின் எடை குறையாதவாறு உணவளவு வைக்கப்பட்டது. எனினும் இன்சுலினை ஏற்கும் திறன் மேம்பட்டது. இரத்த அழுத்தமும் குறைந்தது.

ஒடிசாவில் பிறந்து அமெரிக்காவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றும் சச்சிதானந்த பாண்டாவின் குழுவினர் 2012-இல் சுண்டெலிகளைக் கொண்டு செய்த சோதனை உலகெங்கும் கவனத்தை ஈர்த்தது. கொழுப்பு மிகுந்த உணவு ஒரு பிரிவுக்கு எந்நேரமும் வைக்கப்பட்டது. மற்றொரு பிரிவுக்கு, சுண்டெலிகள் இயல்பாக விழித்திருக்கும் இரவில் எட்டு மணி நேரம் மட்டும் வைக்கப்பட்டது. இரு பிரிவும் உட்கொண்ட ஆற்றல் ஏறத்தாழ ஒன்றே. முதற் பிரிவு உடல் பருத்து, கல்லீரலில் கொழுப்புப் படிந்து நோயுற்றது. இரண்டாம் பிரிவு பெருமளவு காக்கப்பட்டது.

இவை வெறும் ஆய்வகச் செய்திகளாக நின்றுவிடுவன அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் 2008 முதல் 2020 வரை நாடெங்கும் நடத்தப்பட்டு 2023-இல் வெளியிடப்பட்ட பெரும் ஆய்வின்படி, இந்தியாவில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு உடையவர்கள். மேலும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் முன்னிலையில் உள்ளனர். கேரளத்தில் வளர்ந்தோருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு. பரம்பரை, உடலுழைப்புக் குறைவு, உணவின் தன்மை, அளவு எனக் காரணங்கள் பல. காலந்தவறி உண்பது அவற்றோடு சேரும் மற்றொரு காரணம். செலவின்றி இல்லத்திலேயே திருத்தக்கூடிய காரணமும் அதுவே.

ஆய்வின் எல்லை

அறிவியலைப் போற்றுவோர் அதன் எல்லையையும் அறிந்திருத்தல் வேண்டும். சுண்டெலி இரவில் இயங்கும் உயிர். அதன் வாழ்நாளும் குறுகியது. மனிதரிடம் நடந்த ஆய்வுகள் பலவும் சிறு குழுக்களில், சில வாரங்கள் மட்டுமே நடந்தவை. 2013-இல் இஸ்ரேலில் நடந்த ஆய்வில், காலையில் மிகுதியாகவும் இரவில் குறைவாகவும் உண்ட பெண்கள் அதிக எடை குறைந்தனர். ஆனால் 2022-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் உணவை முழுவதும் அளந்து கொடுத்து நடத்திய ஆய்வில், காலையில் மிகுதியாக உண்டோருக்கும் இரவில் மிகுதியாக உண்டோருக்கும் எடைக்குறைவில் வேறுபாடு காணப்படவில்லை. காலையில் மிகுதியாக உண்டோருக்குப் பசி குறைவாக இருந்தது என்பதே வேறுபாடு. அதே ஆண்டில் சீனாவின் குவாங்சௌ நகரில் 139 பேரிடம் ஓராண்டு நடந்த ஆய்வும், உணவளவு ஒன்றாகவே குறைக்கப்பட்டால் காலை 8 முதல் மாலை 4 வரை மட்டும் உண்பதால் எடைக்குறைவில் தனிப்பட்ட சிறப்பு இல்லை என்று காட்டியது.

இவற்றைத் தொகுத்து நோக்கினால் தெளிவது இதுவாகும்: எடையைப் பெரிதும் தீர்மானிப்பது உணவின் அளவே. உண்ணும் வேளை சர்க்கரையையும் பசியையும் உறக்கத்தையும் செரிமானத்தையும் பாதிக்கிறது. வேளையை ஒழுங்கு செய்துவிட்டதாலேயே எதையும் எவ்வளவும் உண்ணலாம் என்பது அறியாமை.

விரதத்தின் நோக்கம்

சமணர் இரவு உணவைத் துறந்தது சர்க்கரை நோயை எண்ணியன்று. இருளில் கண்ணுக்குப் புலப்படாத சிற்றுயிர்கள் உணவில் விழுந்து மாளும். விளக்கொளியை நாடி வரும் பூச்சிகள் அடுப்பில் வீழும். அவ்வுயிர்களுக்கு ஊறு நேரலாகாது என்ற அஹிம்சையே அவ்விரதத்தின் வேர். புலனடக்கம் அதன் மற்றொரு வேர். உடல்நலம் அதனால் கிடைக்கும் ஒரு பயன். பயனைக் காட்டி விரதத்தை வெறும் உணவுமுறையாகச் சுருக்குவது அதைப் பூண்டோருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

காந்தியடிகளின் வாழ்விலும் இதைக் காணலாம். 1915-இல் ஹரித்வாரக் கும்பமேளாவின்போது அவர், ஒரு நாளில் ஐந்து பொருள்களுக்கு மேல் உண்பதில்லை என்றும், இருட்டிய பின் உண்பதில்லை என்றும் விரதம் பூண்டார். விருந்தோம்புவோருக்குத் தம்மால் நேரும் தொல்லையைக் குறைப்பதும், அங்கு கண்ட குறைகளுக்குத் தம்மளவில் பிராயச்சித்தம் செய்துகொள்வதும் அவரது எண்ணம். பின்னாளில் அவர் தம் வாழ்க்கை வரலாற்றில், அந்த விரதங்கள் தம்மைச் சோதித்த போதிலும் தமக்குக் கேடயமாகவும் அமைந்தன என்று நன்றியுடன் குறிப்பிட்டார்.

பகவத்கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் 16, 17 ஆகிய சுலோகங்கள், மிகுதியாக உண்பவனுக்கும் அறவே உண்ணாதவனுக்கும் யோகம் கைகூடாது எனவும், உணவிலும் உறக்கத்திலும் செயலிலும் அளவறிந்தவனுக்கே அது துயர் நீக்கும் எனவும் உரைக்கின்றன. திருக்குறளின் 'மருந்து' என்னும் அதிகாரம், முன் உண்டது செரித்ததை அறிந்து பின் அளவோடு உண்பவனுக்கு மருந்தே வேண்டாம் என்ற கருத்தை வலியுறுத்துகிறது. நண்பகலில் செரிமானத் தீ வலுவுற்றிருக்கும் என்பது ஆயுர்வேதத்தின் கொள்கை. நண்பகலுக்குப் பின் திட உணவு கொள்ளாமை புத்த பிக்குகளின் ஒழுக்கம். இவை யாவும் ஒரே விதியைச் சொல்லவில்லை. ஆனால் நாவின் விருப்பத்திற்கு மேலாக ஓர் ஒழுங்கை வைக்கவேண்டும் என்பதில் ஒன்றுபடுகின்றன. குறித்த வேளைக்குப் பின் கை தட்டை நோக்கி நீளாதிருக்கும்போது, மனம் தன்னைத் தானே ஆளும் பயிற்சியைப் பெறுகிறது. இரவு உணவு எளிதாயின் உறக்கம் தெளிவாகும். உறக்கம் தெளிவாயின் வைகறைத் தியானத்தில் தமோகுணம் குறையும்.

கடைசியில் உண்பவர்

வேளையறிந்து உண்பதைப் பற்றிப் பேசும்போது மறக்கப்படுபவர் ஒருவர் உண்டு. அவர் சமைப்பவர். பல இல்லங்களில் கணவர் எட்டு மணிக்கும், பிள்ளைகள் எட்டரைக்கும், பணியிலிருந்து திரும்பும் மகன் பத்து மணிக்கும் உண்கின்றனர். அனைவருக்கும் பரிமாறி, பாத்திரங்களை ஒழுங்கு செய்து, இல்லத்தரசி உண்ண அமரும்போது மணி பத்தரையைத் தாண்டிவிடுகிறது. விடியற்காலையில் முதலில் எழுபவரும் அவரே. குடும்பத்தார் எவ்வளவு நெறியோடு உண்டாலும், அந்நெறியின் சுமை ஒருவரது உடலில் இறங்குமாயின் அதில் அஹிம்சை குறைவுபடுகிறது. சூரியாஸ்தமனத்திற்கு முன் உண்ணவேண்டும் என்று விரும்பும் ஆடவர், அதற்காக அடுப்படியில் பிற்பகல் முழுவதும் நிற்பவர் யார் என்பதையும் எண்ணவேண்டும். அனைவரும் ஒரே வேளையில் கூடி உண்பதும், தாமதமாக வருபவர் தாமே எடுத்துப் பரிமாறிக்கொள்வதும், பாத்திரம் துலக்குவதைப் பகிர்ந்துகொள்வதும் இல்லத்திற்குள் செய்யத்தக்க சேவைகளாகும்.

இரவில் உழைப்போரையும் நினைக்கவேண்டும். செவிலியர், காவலர், துறைமுகத் தொழிலாளர், மீனவர், ஓட்டுநர் ஆகியோர் உறங்காமல் இருப்பதால்தான் பிறர் உறங்க முடிகிறது. அவர்களை நெறிதவறியவர் என்பது அறமன்று. அவர்களுக்கும் ஒரு நற்செய்தி உண்டு. 2021-இல் வெளியான ஆய்வில் 19 பேர் இரவுப்பணிக்கு ஒத்த சூழலில் வைக்கப்பட்டனர். இரவிலும் உண்ட பிரிவினருக்கு இரத்தச் சர்க்கரை சராசரியாக 6.4 விழுக்காடு உயர்ந்தது. இரவில் விழித்திருந்தும் உணவைப் பகலில் மட்டும் கொண்ட பிரிவினருக்கு அவ்வாறு உயரவில்லை. இது சிறிய ஆய்வே. எனினும், பணிக்குச் செல்லுமுன் நன்கு உண்டு, நள்ளிரவுக்குப் பின் கனத்த உணவைத் தவிர்த்து, தேவையாயின் எளிய சிற்றுணவோடு நிறுத்திக்கொள்வது தக்கது என்பதை அது காட்டுகிறது.

கடைப்பிடிக்கத்தக்கவை

1. உண்ணும் வேளைகள் நாள்தோறும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கட்டும். விடுமுறை நாட்களிலும் இவ்வொழுங்கு பெரிதும் மாறாதிருத்தல் நன்று.

2. காலை எழுந்தபின் சிறிது நேரம் வெளியொளியில் இருப்பது தலைமைக் கடிகாரத்தைத் திருத்தும். இரவில் கண்கூசும் விளக்கையும் கைப்பேசித் திரையையும் குறைப்பது அதற்குத் துணைபுரியும்.

3. பகலுணவே முதன்மை உணவாகட்டும். இரவு உணவு எளிதாகவும் குறைவாகவும் அமையட்டும்.

4. உறங்குவதற்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பாகவே உணவை முடித்தல் வேண்டும். நெஞ்செரிச்சலும் எதுக்களிப்பும் உள்ளோருக்கு இது மிகவும் தேவை.

5. கொச்சியில் ஆண்டு முழுவதும் சூரியன் மாலை 6 மணிக்கும் 6.50-க்கும் இடையிலேயே மறைகிறது. ஆதலால் தென்னாட்டில் அஸ்தமனத்தை ஒட்டி உண்பது எக்காலத்தும் இயலக்கூடியது. நாட்டின் கிழக்கு எல்லைக்கும் மேற்கு எல்லைக்கும் சூரிய நேரத்தில் ஏறத்தாழ இரண்டு மணி வேறுபாடு உண்டு. எனவே கடிகார மணியை அப்படியே பின்பற்றாமல், அவரவர் ஊரின் ஒளியையும் உறக்க வேளையையும் கருதி வகுத்துக்கொள்க. இப்போது பத்து மணிக்கு உண்பவர் வாரந்தோறும் கால் மணி நேரம் முன்னதாக நகர்த்தி வந்தாலே போதும்.

6. மருத்துவ நோக்கில் இரவில் நீர் அருந்துவதைத் தவிர்க்கவேண்டியதில்லை. விரதமாக நீரையும் துறப்போர், மாலைக்குள் போதிய நீர் அருந்தியிருத்தல் அவசியம்.

7. இன்சுலின் இட்டுக்கொள்வோரும் சர்க்கரை குறைக்கும் மாத்திரை கொள்வோரும் மருத்துவரைக் கலவாமல் உணவு வேளையை மாற்றவோ, ஒரு வேளையை விடவோ கூடாது. சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். கருவுற்றோர், பாலூட்டும் தாய்மார், வளரும் குழந்தைகள், நலிந்த முதியோர் ஆகியோருக்கும் நீண்ட உபவாசம் ஏற்றதன்று.

8. விரதம் பிறரை இகழக் காரணமாகலாகாது. அகாலத்தில் பசியோடு வந்தவருக்கு உணவிடுதல் எல்லா விரதத்திற்கும் மேலான தர்மம்.

சிந்தனைக்கு

வாராந்தர சத்சங்கத்தில் கூடிப் படிப்போர் பின்வரும் வினாக்களைச் சிந்திக்கலாம். குடும்பத்தில் நாள்தோறும் கடைசியில் உண்பவர் யார்? அவர் எத்தனை மணிக்கு உண்கிறார்? அவ்வேளையை ஒரு மணி நேரம் முன்னதாக்க மற்றவர்கள் எந்தப் பணியை ஏற்கவேண்டும்? பசியினால் உண்பது எத்தனை முறை, பழக்கத்தினாலும் சலிப்பினாலும் உண்பது எத்தனை முறை? ஒரு வாரம் இவற்றைக் குறித்துப் பார்ப்பவர், உணவு வேளையை ஒழுங்கு செய்வது உடலுக்கு மட்டும் உரிய செயலன்று என்பதைத் தாமே உணர்வர்.